உயிரோடு இருக்கிறவங்களை நினைத்து அழலாமா?



நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், தவணை, வங்கி இணைப்பு எல்லாம் பேசுகிறோம். ரத்தசோகை, கர்ப்பப்பைப் பிரச்சினை பற்றிக்கூடக் கூச்சம் விட்டுப் பேசப் பழகிவிட்டோம். ஆனால் பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு துக்கத்தை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. தூக்கி வளர்த்த பாட்டியோ தாத்தாவோ நினைவை இழந்து, "நீ யாரு கண்ணு?" என்று கேட்கும்போது வருகிற துக்கம் அது. அந்தத் துக்கத்தை நம் கைவேலை, பாட்டு, கோலம் வழியாக எப்படி இறக்கி வைக்கலாம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

வயசு மறதியா, நோயா?

சாவியை எங்கோ வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வருவது வயதானால் பலருக்கும் நடப்பதுதான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இன்னும் சோறு போடலையே" என்று கேட்பது, பழகின தெருவிலேயே வழி தவறுவது, காசு எண்ணத் தெரியாமல் தடுமாறுவது, இதெல்லாம் மறதி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். இதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டில் இதை முதலில் எடுத்துச் சொன்ன ஜெர்மனி நாட்டு டாக்டர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள்.

நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை.

"வேணும்னே பண்ணுது", "காத்துக் கருப்பு பட்டிருக்கு" என்று நாட்களைக் கடத்த வேண்டாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே முதல் வேலை, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் காட்டுவது.

பேத்தியை ஏன் மறக்கிறார்கள்?

புது விஷயங்களைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் காலையில் நடந்தது மாலைக்குள் போய்விடும். ஐம்பது வருஷத்துக்கு முந்தி நாற்று நட்டது மட்டும் அப்படியே நிற்கும். பாட்டி மனசில் பேத்தி இன்னும் பாவாடை கட்டின குழந்தை. எதிரே நிற்பதோ காலேஜ் போகிற பெண். எப்படி அடையாளம் தெரியும்?

இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், "ஆச்சிக்கு என் மேல பாசம் போயிருச்சு" என்று அது தானாக முடிவு செய்து, கிட்டேயே போகாமல் ஒதுங்கிவிடும்.

சடங்கு இல்லாத துக்கம்

ஒருவர் இறந்துபோனால் என்ன செய்யணும் என்று நமக்குத் தெரியும். வாசலில் கோலம் போட மாட்டோம். கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்போம். துக்கம் கேட்க ஊர் வரும். நாள் பார்த்துக் கருமாதி நடக்கும். ஒப்பாரியில் செத்தவரைப் பற்றி மட்டுமா பாடுகிறோம்? பாடுகிறவள் தன் பிறந்த வீட்டுக் குறை, வாழ்ந்த வீட்டுக் குறை எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிடுவாள். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறையும். நம் முன்னோர் அழுவதற்கென்றே ஒரு கலையை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

நினைவு போனால் என்ன செய்வது? ஆள் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் கோலம் இருக்கிறது. துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. கண் கலங்கினால், "உசுரோட இருக்கிறவங்களுக்கு அழுவாங்களா, வாயில நல்ல வார்த்தை வரட்டும்" என்று அதட்டு விழும். அழுகை உள்ளேயே போய்விடும்.

அமெரிக்காவைச் சேர்ந்த பாலின் பாஸ் என்ற பெண் ஆய்வாளர் 1970களில் இப்படிப்பட்ட துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தெளிவில்லாத இழப்பு' என்று சொல்லலாம். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர் இதை முதலில் ஆராய்ந்தார். அங்கே ஆள் இல்லை, நினைப்பு இருக்கிறது. நம் வீட்டிலோ ஆள் இருக்கிறார், நினைவு இல்லை. இரண்டிலும் துக்கம் நிஜம், முடிவுதான் தெரிவதில்லை.

அடக்கின துக்கம் சும்மா இருக்காது. "எத்தனை தடவை சொல்றது?" என்று பாட்டி மேலேயே கோபமாகப் பாயும். தலைவலியாக வரும், தூக்கத்தைக் கெடுக்கும்.

கையால் இறக்கி வைக்கலாம்

கலை என்றதும் நமக்கென்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த வில்லியம் உட்டர்மோலன் என்ற ஓவியருக்கு 1995இல் அல்சைமர் நோய் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அவர் தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தார். படத்துக்குப் படம் முகம் குலைந்துகொண்டே போகும். 2007இல் இறந்தார். வாயால் சொல்ல முடியாததை அவர் கை சொல்லிவிட்டது. நம் கைக்கும் சொல்லத் தெரியும்.

பழஞ்சேலைப் போர்வை: பாட்டியின் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை தைப்பது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். தைக்கும்போது ஒவ்வொரு சேலைக்கும் உள்ள கதையைச் சொல்லுங்கள். இது பொங்கலுக்கு எடுத்தது, இது என் பிரசவத்துக்கு வந்தப்போ கட்டியிருந்தது என்று பேசிக்கொண்டே தைத்தால், கண்ணீர் வந்தாலும் கை நிற்காது. தைத்து முடித்ததைப் பாட்டிக்கே போர்த்தலாம்.

கோலம்: பாட்டி சொல்லிக்கொடுத்த சிக்குக் கோலங்களை எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். பாட்டி கையில் கோலமாவைக் கொடுத்தும் பாருங்கள். பெயர்கள் மறந்த பிறகும், பழகின கைவேலை சிலருக்குக் கொஞ்ச காலம் நிற்பதுண்டு. கோடு தப்பினால் திருத்தக் கூடாது.

பாட்டு: அவர் பாடின தாலாட்டை, நடவுப் பாட்டை நீங்கள் பாடுங்கள். பேச்சு குறைந்தவர்களும் பழைய பாட்டுக்குத் தலையாட்டுவார்கள், சிலர் கூடவே முணுமுணுப்பார்கள். தனியாக இருக்கும்போது உங்கள் மனக்குறையையும் நீங்களே பாட்டாகக் கட்டலாம். அபசகுனம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குப் படம்: நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனதால் ஆச்சியிடமே வளர்ந்த பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "நீ எந்த ஊரு பிள்ள?" என்று ஆச்சி கேட்ட நாளிலிருந்து அவள் அந்த அறைக்கே போகவில்லை. படம் வரையச் சொன்னபோது முகம் வரைய வரவில்லை என்றாள். வெற்றிலை உரலையும் சுருக்குப் பையையும் பாம்படத்தையும் வரைந்தாள். அதைப் பார்த்து அம்மாவும் மகளும் சேர்ந்து அழுதார்கள். ஆச்சிக்கு இன்றுவரை அவளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவள் மறுபடியும் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவி விடுகிறாள்.

மறக்கக் கூடாதவை

* "நான் யாரு சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவருக்கும் அவமானம், உங்களுக்கும் வலி. "நான் உங்க பேத்தி செல்வி" என்று நீங்களே முதலில் பெயர் சொல்லிவிடுங்கள்.
* படமோ தையலோ அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம்.
* பாட்டி தடுமாறுவதைச் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.
* கலை நோயைக் குணமாக்காது. மருந்தும் மருத்துவரும் வேண்டும்.
* பார்த்துக்கொள்கிறவருக்கே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், வாழ்க்கையே வெறுத்துப்போனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

குழு என்ன செய்யலாம்?

ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்றால், அபராதம் எழுதும் முன்னால் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மாமியாரையோ தாயையோ தனியாக விட்டு வர முடியாமல் இருக்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் இன்னொரு உறுப்பினர் போய் உட்கார்ந்தால், அவர் கூட்டத்துக்கும் வருவார், கடனும் கட்டுவார், கொஞ்சம் மூச்சும் விடுவார்.

அடுத்த கூட்டத்துக்கு, இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ உள்ள வீட்டு உறுப்பினர்கள் அவர்களுடைய பழைய சேலையிலோ வேட்டியிலோ ஒரு முழத் துண்டு கொண்டு வரட்டும். கணக்கு முடிந்ததும் கடைசி அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து அவற்றை ஒன்றாகத் தைப்போம். பேச விரும்புகிறவர்கள் பேசட்டும். அழ விரும்புகிறவர்கள் அழட்டும், யாரும் தடுக்க வேண்டாம். ஊசியும் நூலும் ஊக்குநர் கொண்டு வருவார்.