பட்டறைக்குப் போன டிராக்டர் சக்கரம்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைக்குச் செல்லும் சாலைகளில் இரவும் பகலும் டிராக்டர்கள் வரிசை கட்டிப் போகும். அந்தச் சாலையோரத்தில், சக்கரம் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் டிரெய்லரைப் பார்க்காத உழவர் இருக்க முடியாது. பாரம் அதிகம், சாலை மோசம், டயர் பழசு என்று காரணங்கள் சொல்லப்படும். அவையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் சற்று விசாரித்தால், சில நாட்களுக்கு முன்புதான் பஞ்சர் ஒட்டவோ, பேரிங்கில் கிரீஸ் வைக்கவோ அந்தச் சக்கரம் பட்டறையில் கழற்றி மாட்டப்பட்டது என்பது பல நேரங்களில் தெரிய வரும்.

ஒழுங்காக மாட்டிய சக்கரம் தானாகக் கழலுவதில்லை. பாரத்துடன் வரும் வண்டியிலிருந்து கழன்ற சக்கரம் உருண்டு ஓடத் தொடங்கினால், எதிரே சைக்கிளில் வருபவர் மீது மோதினாலும், வீட்டுத் திண்ணையில் இருப்பவர் மீது மோதினாலும் உயிருக்கே ஆபத்து. வண்டி குடை சாய்கிறது. வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்து எடையும் சர்க்கரைச் சத்தும் குறைகிறது. பட்டறையில் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. இதில் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வது முறையாகாது. சக்கரத்தை இறக்கிப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், திரும்பி வந்ததும் "இன்னுமா முடியவில்லை?" என்று அவசரப்படுத்துபவர் வண்டிக்காரர்தான்.

போல்ட் செய்யும் வேலை

வண்டியின் பாரத்தைச் சக்கர போல்ட்டுகள் தாங்குகின்றன என்றே பலரும் நினைக்கின்றனர். அது முழுவதும் சரியல்ல. நட்டை முடுக்கும்போது போல்ட் மிக மிகச் சிறிய அளவு நீண்டு, இழுத்துக் கட்டிய கம்பியைப் போல் விறைத்து நிற்கிறது. அந்த இழுவிசை சக்கரத்தின் டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இப்படி அழுந்தி நிற்கும் இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு இடையிலுள்ள உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. அழுத்தம் குறைந்துவிட்டால் டிஸ்க் மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் நகரும். நாளடைவில் துளை அகன்று முட்டை வடிவமாகும். போல்ட் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து ஒரு நாள் ஒடியும். ஒன்று ஒடிந்தால் அதன் பங்குப் பாரமும் மற்றவற்றின் மீது விழும். பிறகு எல்லாம் ஒடிய அதிக நேரம் ஆகாது.

ஆகவே சக்கரத்தை மாட்டுமுன் ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பி பிரஷ் கொண்டு சுத்தம் செய்வது அவசியம். காய்ந்த சேறு, துருச் செதிள், புதிதாகத் தடித்துப் பூசிய பெயிண்ட் ஆகியவை நடுவில் இருந்தால், நட்டு இறுகியது போலத் தோன்றும். வண்டி ஓடியதும் அவை நசுங்கி உதிர்ந்து, அந்த இடைவெளி அளவுக்குப் போல்ட் தளர்ந்துவிடும்.

வண்டியில் வைக்கோல் பாரம் ஏற்றுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு இறுக்கிக் கயிறு கட்டினாலும், சிறிது தூரம் போனதும் வைக்கோல் அமுங்கிக் கயிறு தொய்ந்துவிடும். வண்டியை நிறுத்தி மறுபடி இறுக்குவார்கள். சக்கர நட்டும் அப்படித்தான். பட்டறையிலிருந்து புறப்பட்டுச் சில கிலோமீட்டர் ஓடிய பிறகு, அல்லது வயலில் ஒரு மணி நேரம் உழுத பிறகு, எல்லா நட்டுகளையும் மீண்டும் முடுக்க வேண்டும். மறுநாள் காலையில் இன்னொரு முறை பார்ப்பது நன்று. பட்டறையில் யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை. கழன்ற சக்கரங்களில் பெரும் பங்கு இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் கழன்றிராது.

நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கக் கூடாது. எதிரும் புதிருமாக, முதலில் எல்லாவற்றையும் லேசாகவும் பிறகு முழுமையாகவும் முடுக்க வேண்டும். கூம்பு வடிவ நட்டு என்றால் கூம்புப் பக்கம் சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் நட்டு ஏறிவிடும். ஆனால் உட்காரும் இடம் போதாது.

எவ்வளவு முடுக்குவது என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு. ஸ்பேனரில் நீண்ட பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று மிதிப்பது பல இடங்களில் வழக்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் நட்டின் மீது விழுவது 60 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை. குதித்தால் இன்னும் அதிகம். ஒவ்வொரு நட்டுக்கும் வேண்டிய அளவு டிராக்டருடன் கம்பெனி கொடுத்த கைப்புத்தகத்தில் இருக்கிறது; முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரத்துக்கு ஓர் அளவு. அளவு மீறினால் போல்ட் தன் மீள்திறனை இழந்து நிரந்தரமாக நீண்டுவிடும். பிறகு அதற்குப் பிடிக்கும் சக்தி இல்லை. இப்போது சிறிய ஊர்களிலும் வந்துவிட்ட 'ஏர் கன்' கருவியும் அப்படியே. சக்கரத்தைக் கழற்றுவதற்கு அது நல்ல கருவி. மாட்டும்போது அதை நம்பி விட்டுவிடாமல், கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு கையால் கொடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில், அளவு தெரிந்த நீளமுள்ள கம்பியும் கையின் பலமும் போதும், மிதி வேண்டாம். மரையில் தாராளமாக எண்ணெய் பூசி முடுக்குவதும் தவறு. வழுக்கலினால் அதே முயற்சியில் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும்.

கூரை முகடு போல

டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் விற்பனைக்கு வந்தது 1932-ம் ஆண்டில், அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி மூலம். அதற்கு முன் பற்கள் வைத்த இரும்புச் சக்கரங்கள்தாம். ரப்பர் டயரின் கட்டைகள் சும்மா அழகுக்கு வைத்தவை அல்ல. நடுப்பகுதி முதலில் மண்ணைத் தொட்டு, சேற்றை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளுமாறு அவை அமைந்துள்ளன. டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் கட்டைகள் கூரை முகடு போல், முனை மேல் நோக்கித் தெரிய வேண்டும். ஆங்கில 'வி' எழுத்தைப் போல் தெரிந்தால் டயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். சேறு கட்டைகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும், சக்கரம் வழுக்கும், டீசல் வீணாகும். டயரின் பக்கவாட்டில் அம்புக் குறியும் போட்டிருக்கும்.

பருத்தி, நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றில் இடை உழவுக்காகச் சக்கர அகலத்தை மாற்றும்போது இந்தத் தவறு அதிகம் நேர்கிறது. ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தை மாற்றினால் டயரின் திசையும் திரும்பிவிடும். அப்போது இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றி மாட்ட வேண்டும். பட்டறையில் இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுமக்கச் சோம்பி அப்படியே மாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

காற்று அடிக்கும் நேரம்

சக்கர வேலையில் உயிருக்கு மிகவும் ஆபத்தான நேரம் இதுவே. பழைய லாரிச் சக்கரம் போட்ட டிரெய்லர்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ரிம் ஒரே துண்டாக இராது. டயரை மாட்டிய பின் ஓர் இரும்பு வளையத்தைச் செருகிப் பூட்ட வேண்டும். வளையம் துருப்பிடித்தோ, வளைந்தோ, வேறு சக்கரத்தினுடையதாகவோ இருந்தால் காற்று ஏறும்போது தெறித்துவிடும். கணக்குப் போட்டால் அதன் வேகம் புரியும். சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு காற்று என்றால், 100 சதுர அங்குலப் பரப்பின் மீது 9,000 பவுண்டு, அதாவது சுமார் 4 டன் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. எதிரே குனிந்து நிற்பது பெரும்பாலும் பட்டறையில் வேலை பழகும் பையன். பட்டறைத் தொழிலாளர்கள் இவ்வாறு மாண்டதைக் கண்டு, அமெரிக்காவில் இத்தகைய ரிம்களை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்று அடிக்க வேண்டும் என 1980-ல் அரசு விதி செய்தது. கூண்டு இல்லாத பட்டறையிலும் சிலவற்றைச் செய்யலாம். வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் துரு நீக்கிப் பார்க்க வேண்டும். வால்வில் தானே கவ்விக்கொள்ளும் முனையும் நீண்ட ஹோஸும் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்கு நேர் எதிரில் நில்லாமல் டயரின் ஓடுபரப்பு உள்ள பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். காற்று ஏறியபின் வளையம் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தால், சுத்தியால் தட்டவே கூடாது. காற்றை முழுதும் இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

டிராக்டரின் பின் டயர் ஒரே துண்டு ரிம்தான் என்றாலும் அதுவும் வெடிக்கக்கூடியது. டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காராதபோது, காற்றை மேலும் மேலும் ஏற்றி உட்கார வைக்கப் பார்ப்பார்கள். 35 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, ரிம்மைச் சுத்தம் செய்து, விளிம்பில் சோப்புக் கரைசல் தடவி மறுபடி முயல வேண்டும். கிரீஸும் டீசலும் ரப்பரைக் கெடுக்கும்.

டியூபை உள்ளே வைக்குமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால் பாதி பஞ்சர்கள் திரும்ப வரா. பழைய முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டித் தருவது சர்வ சாதாரணம். டியூபுக்கு ஒரு முறை காற்று அடித்து, இறக்கி, மறுபடி அடித்தால் மடிப்புகள் விரிந்துகொள்ளும்.

இறுதியில் எவ்வளவு காற்று? லாரிகளுக்கு அடித்துப் பழகிய கை, டிராக்டர் டயருக்கும் தாராளமாக அடித்துவிடும். பின் டயருக்கு வயல் வேலையில் சாதாரணமாக 12 முதல் 15 பவுண்டு போதும். சாலையில் பாரம் இழுக்கும்போது சற்றுக் கூடுதல். முன் டயருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. சரியான அளவைக் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவும். அதிகமானால் நடுக் கட்டைகள் மட்டும் தேய்ந்து, வயலில் பிடிப்பு குறையும். குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். ஒரு காற்று மானியை உழவர் தாமே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பட்டறை மானிகள் பல ஆண்டுக்கணக்கில் கீழே விழுந்து விழுந்து எழுந்தவை.

தீ காட்டக் கூடாது

அகன்ற துளையை வெல்டிங் வைத்து அடைப்பதும், விரிசல் விட்ட ரிம்மை ஒட்டவைப்பதும் கிராமப் பட்டறைகளில் நடக்கின்றன. அத்தகைய டிஸ்க்கை மாற்றிவிடுவதே சிக்கனம். அதைவிடக் கொடியது, டயர் ரிம்மில் இருக்கும்போதே வெல்டிங் வைப்பது. துருப்பிடித்த நட்டைக் கழற்ற கேஸ் தீ காட்டுவதும் அதே ஆபத்துத்தான். சூட்டில் உட்புற ரப்பர் பொசுங்கி, எரியும் வாயுக்களை வெளியிடுகிறது. உள்ளே உள்ள காற்றுடன் கலந்து அவை பற்றிக்கொண்டால் டயர் குண்டு போல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோம் என்பது இங்கே பாதுகாப்பாகாது. தீயை அணைத்துச் சில நிமிடங்கள் சென்ற பிறகும் வெடிக்கலாம். டயரை ரிம்மிலிருந்து முற்றிலும் கழற்றிய பிறகே தீ.

ஜாக்கி வைப்பதில் சொல்ல வேண்டியது குறைவு. தடித்த பலகை மீது வைக்க வேண்டும், செங்கல் நொறுங்கிவிடும். பின் சக்கரத்தைத் தூக்கும்போது முன் அச்சு தன் முளையில் ஆடும் என்பதை மறந்து, ஆப்பு அடிக்காமல் விட்டு வண்டியைச் சாய்த்தவர்கள் உண்டு. டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதை வெளியேற்றிவிட்டே கழற்ற வேண்டும். ஒரு பின் டயரில் நூறு லிட்டருக்கு மேல் இருக்கும்.

முன் சக்கரத்திலும் டிரெய்லர் சக்கரத்திலும் பேரிங் நட்டைப் பூட்டும் காட்டர் பின்னைக் கவனிக்க வேண்டும். கழற்றிய பழைய பின்னையே நிமிர்த்திப் போடுவார்கள். சிலர் ஆணியையோ கட்டுக் கம்பியையோ செருகிவிடுவார்கள். புதுப் பின்னின் விலை ஒரு டீயின் விலைகூட வராது. பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு பின் துளை நேராகும் வரை சிறிது தளர்த்த வேண்டும். மிகவும் இறுகினால் பேரிங் எரியும். தளர்ந்தால் சக்கரம் ஆடும்.

பேரிங் வேலை முடிந்து முதல் பாரம் ஏற்றிச் செல்லும் நாளில், ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் முதலில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை அறிந்து, பிறகு தொட்டுப் பார்க்க வேண்டும். லேசான சூடு இருக்கலாம். ஒரு ஹப் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால், பாரத்தை இறக்கியதும் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகே ஊர் திரும்ப வேண்டும்.