ஒரு வீட்டில் எத்தனை சிரிப்பு!

வாசக அன்பர்களே, உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நகைச்சுவை நடிகரைத்தான் பிடிக்குமா? "ஆமாம்" என்று சொல்லக்கூடியவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். எண்பதைத் தாண்டிய தாத்தா கலைவாணர் என்பார். பாட்டிக்குத் தங்கவேலு. அப்பாவுக்கு நாகேஷ். சித்தப்பாவுக்குக் கவுண்டமணியும் செந்திலும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கோ வடிவேலு. அதுவும் முழுப்படம் வேண்டாம், கைப்பேசியில் இரண்டு நிமிடத் துண்டு போதும்.

இதோடு நின்றால் பரவாயில்லை. "இதுக்குப் போய் இப்படிச் சிரிக்கிறீங்களே" என்று ஒருவர் சொல்ல, "உங்க காலத்துக் காமெடியைப் பார்த்தா தூக்கம்தான் வருது" என்று மற்றவர் சொல்ல, வீட்டில் சின்னச் சண்டையே வந்துவிடுகிறது. அப்புறம் அவரவர் ஒரு மூலை, அவரவர் கையில் ஒரு கைப்பேசி.

ஜொகூரில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவன் நான். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசிப் பழகியதில் ஒன்றைக் கண்டுகொண்டேன். ஒருவர் எதற்குச் சிரிக்கிறார் என்பது வெறும் ரசனை மட்டும் அல்ல. அவர் வாழ்ந்த வாழ்க்கையும் பட்ட பாடும் அதில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

காதால் சிரித்த காலம்

பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த அந்த நாளில் குளுவாங், சிகாமட் கொட்டகைக்குக் குடும்பத்தோடு போவதென்றால் பஸ் காசு, டிக்கெட் காசு, பிள்ளைகளுக்குப் பலகாரக் காசு என்று பெரிய செலவு. தோட்டத்திலேயே படம் காட்டும் இரவு வந்தால் லயமே காலியாகிவிடும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாக்கையும் பாயையும் விரித்து உட்காருவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய், எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிய, அப்படியே படம் பார்த்ததும் உண்டு. மறுநாள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காதாம்.

அந்தத் திடலில் நடிகரின் முகம் முன்வரிசைக்குத்தான் நன்றாகத் தெரியும். பின்னால் இருந்தவர்களுக்குக் குரல்தான். ஆகவே அந்தத் தலைமுறைக்குச் சிரிப்பு காது வழியே வந்தது. பேச்சில் சொல்லைப் புரட்டிப் போட்டால் அவர்கள் சிரிப்பார்கள். நம் பிள்ளைகளோ கண்ணால் சிரிக்கப் பழகியவர்கள். இதை நினைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

1941-இல் வந்த 'சபாபதி' பெரியவர்கள் விரும்பும் படம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம்தான் படமாயிற்று. படிப்பு ஏறாத பணக்கார வீட்டுப் பிள்ளையாக டி.ஆர். ராமச்சந்திரன், அவனுடைய வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். இருவருக்கும் பெயர் சபாபதிதான். எஜமான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்து காரியத்தைக் கெடுப்பான் வேலைக்காரன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் இதில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். "வாத்தியாரய்யா, துரை சொன்னதைச் சொன்னபடி செஞ்சே எங்க காலம் போச்சு. சொன்னபடியே செஞ்சு எஜமானை அழ வைக்கிறவனைப் பார்த்தா சிரிப்பு வராம என்ன செய்யும்?" என்றார். நாம் பழைய படம் என்று தள்ளி வைப்பதற்குள் இவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து 1957-இல் மறைந்தவர். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் சரித்திரத்தை மாற்றிக் 'கிந்தனார்' காலட்சேபம் நடத்துவார். கோயிலுக்குப் போகத் துடித்தவர் நந்தனார். கிந்தனோ படிக்கத் துடிக்கும் ஏழைப் பிள்ளை. பிள்ளையைப் படிக்க வைக்க எண்ணிய தோட்டத்துத் தகப்பனுக்கு அது தன் கதையாகவே பட்டிருக்கும் அல்லவா?

அடுப்பங்கரைச் சிரிப்பு

தாய்மார்களுக்குத் தங்கவேலுவைப் பிடிப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1963-இல் வந்த 'அறிவாளி' படத்தில் அவர் மனைவிக்குப் பூரி சுடச் சொல்லிக் கொடுப்பார். மனைவியாக நடித்த டி.பி. முத்துலட்சுமி ஒவ்வொரு படியிலும் இது தனக்குத் தெரியாதா என்று மடக்கிக்கொண்டே போவார். அதில் வரும் ஒவ்வொரு சாமானும் நம் வீட்டுச் சாமான். அதனால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் பழசாகவில்லை.

1959-இல் ஸ்ரீதர் எடுத்த 'கல்யாணப் பரிசு' படத்திலோ, வேலை இல்லாததை மனைவியிடம் மறைத்து, பெரிய கம்பெனியில் உத்தியோகம் என்றும் பேர்பெற்ற எழுத்தாளரே தாம்தான் என்றும் தங்கவேலு அளப்பார். மனைவியாக வந்த எம். சரோஜா நிஜ வாழ்விலும் அவர் மனைவியானவர். ஊரே சிரித்த காட்சிகள் அவை.

ஆனால் எல்லாரும் சிரித்தார்களா? ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க சார். எனக்கு மட்டும் வயிறு எரியும். எங்க வீட்டுக்காரரும் வேலை போனதைச் சொல்லாம ரெண்டு மாசம் காலையில கிளம்பிப் போயிட்டு வந்தாரு." ரசனை இல்லாதவர் என்று அந்த அம்மாவைச் சொல்ல முடியுமா? மற்றவர்களுக்குக் கதையாக இருந்தது அவருக்கு அனுபவமாக இருந்தது. நம் வீட்டில் ஒருவர் சிரிக்காமல் இருந்தால், அதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

ஒரே படம், மூன்று சிரிப்பு

சரி, எல்லாருக்கும் பிடித்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1964-இல் ஸ்ரீதர் வண்ணத்தில் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. கதை வசனத்தில் சித்ராலயா கோபுவின் கைவண்ணமும் உண்டு. தாத்தாவிலிருந்து பேரன் வரை உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் கூர்ந்து கவனியுங்கள். ஒரே இடத்தில் எல்லாரும் சிரிப்பதில்லை.

இளையவர்கள் நாகேஷுக்குச் சிரிப்பார்கள். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல் படம் எடுக்கப் புறப்பட்ட செல்லப்பா. அப்பாவிடம் பேய்க்கதை சொல்லும் இடத்தில் அவர் கையும் காலும் குரலும் படும் பாடு இருக்கிறதே!

கொஞ்சம் வயதானவர்கள் அதே காட்சியில் டி.எஸ். பாலையாவைப் பார்ப்பார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். கதை கேட்கக் கேட்க அந்த முகத்தில் பயம் ஏறிக்கொண்டே போகும். சொல்கிறவரைவிடக் கேட்கிறவரே பெரிய நடிகர் என்று அவர்கள் வாதாடுவார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சொல்வது சரிதான். கேட்பவர் பயந்தால்தானே கதை சொல்பவருக்கு மதிப்பு?

தோட்டத்தில் உழைத்தவர்கள் இன்னோர் இடத்தில் சிரிப்பார்கள். பாலையா ஓர் எஸ்டேட் முதலாளி. ரவிச்சந்திரன் அவரிடம் வேலை செய்பவர். முதலாளியின் பெண்களோடு ஏற்பட்ட தகராறில் வேலை போய்விடுகிறது. அவர் என்ன செய்கிறார்? முதலாளி பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலையைக் கேட்டுப் பாட்டுப் பாடுகிறார்! அப்புறம் கோடீஸ்வரர் மகன் என்று வேடம் போட்டவுடன், அதே முதலாளி ஓடி ஓடி உபசரிக்கிறார். பட்டணத்தில் இருப்பவருக்கு அது காதல் கலாட்டா. கிராணிக்கும் மண்டோருக்கும் பயந்து வாழ்ந்து, வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இருந்தவருக்கு, முதலாளி வாசலில் கூடாரம் அடிப்பது கனவிலும் நடக்காத காரியம். அது திரையில் நடந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பக்கத்து வீட்டுச் சிரிப்பு

சிரிப்பு நமக்கு மட்டுமா சொந்தம்? நம் மலாய் நண்பர்களைக் கேட்டால் பி. ரம்லி என்பார்கள். நம்மில் பலரும் அவர் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் வரும் சிங்கப்பூரில், ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் அவை உருவாயின. அந்த நாளில் அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் இந்தியர் பலர். 1950-இல் வந்த 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் நம்மவரான எல். கிருஷ்ணன்.

1957-இல் வந்த 'பூஜாங் லாப்போ' படத்தில், காசுக்குத் திண்டாடும் மூன்று பிரம்மச்சாரிகளின் கதை. 1962-இல் வந்த 'லாபு டான் லாபி' படத்தில், கருமி எஜமான் வீட்டு வேலைக்காரர்கள் இருவர் தாங்கள் டாக்டராகவும் நீதிபதியாகவும் ஆனதாகக் கனவு காண்கிறார்கள். நம் சபாபதிக்கு இவர்கள் தூரத்துச் சொந்தம் மாதிரி இல்லையா?

இன்னும் தூரம் போனால் சார்லி சாப்ளின். 1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் நாள் முழுவதும் இயந்திரத்தில் திருகாணி முடுக்கும் தொழிலாளி அவர். வேலையை விட்டு நகர்ந்த பிறகும் கை தானாக முடுக்கிக்கொண்டே இருக்கும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், "சார், தூக்கத்துல கூட என் கை அப்படி ஆடுதுன்னு அம்மா சொல்றாங்க" என்று சொல்லிச் சிரித்தான். பேச்சே தேவைப்படாத சிரிப்பு அது.

அடியும் திட்டும் சிரிப்பா?

இனி நம் வீடுகளில் அதிகம் சண்டை மூட்டும் இடத்துக்கு வருவோம். கவுண்டமணி செந்திலை உதைப்பதும் திட்டுவதும் நகைச்சுவையா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கி வரச் சொன்னால், ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொடுப்பார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்பார். அடி வாங்குவது செந்தில். ஆனால் ஜெயிப்பவரும் செந்தில்தான். சொல்லைப் பிடித்துக்கொண்டு எஜமானை அழவைத்த அந்தக் காலத்து வேலைக்காரன் இங்கே வேறு சட்டை போட்டு வருகிறான். இதைச் சொன்னதும் அந்த ஓய்வு பெற்ற பெரியவரே, "அட, ஆமாம்!" என்றார்.

2001-இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. ஆட்களை அதட்டி வேலை வாங்கும் அவர் தலையிலேயே சுத்தியல் விழுகிறது. 2019-இல் அந்த நேசமணிக்காக உலகத் தமிழ் இளைஞர்கள் எல்லாம் வேடிக்கையாகப் பிரார்த்தனை செய்தார்கள். அதட்டும் மேலாள் அடி வாங்கினால் அன்றும் சிரிப்பு, இன்றும் சிரிப்பு.

ஆனாலும் பெரியவர்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. திரையில் செந்தில் திருப்பிக் கொடுப்பார். பள்ளித் திடலில் நிறத்தையும் உடம்பையும் சொல்லிப் பட்டப்பெயர் வைக்கப்பட்ட பிள்ளையால் அது முடிவதில்லை. அவன் மூலையில் போய் நிற்பான். மறுநாள் பள்ளிக்கு வரமாட்டான். ஆகவே பிள்ளைகளுக்கு நான் ஒரே ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: யாரைப் பார்த்துச் சிரிக்கிறாயோ, அவனும் சேர்ந்து சிரிக்கிறானா என்று பார். அவன் சிரிக்கவில்லை என்றால் நீயும் நிறுத்திக்கொள்.

தமிழ் இருந்தால்தான் சிரிப்பு

ஒரு நாள் வகுப்பில் 'திருவிளையாடல்' தருமி காட்சியைப் போட்டுக் காட்டினேன். 1965-இல் வந்த படம். பாண்டியன் அறிவித்த ஆயிரம் பொற்காசுக்காக நாகேஷ் கோயிலில் நின்று புலம்பும் காட்சி. பிள்ளைகள் அவர் உடம்பு வளைவதற்கும் நெளிவதற்கும் சிரித்தார்கள். பேச்சுக்குச் சிரிக்கவில்லை, பல சொற்கள் புரியவில்லை. சொல்லுக்குச் சொல் விளக்கினேன். அவர் பசியோடு நிற்கும் ஏழைப் புலவர் என்றும் சொன்னேன். மறுபடி போட்டபோது சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. ஒரு சிறுமி மட்டும், "பாவம் சார்" என்றாள். அவளுக்குத்தான் அந்தக் காட்சி முழுவதும் புரிந்தது என்பேன்.

எனக்குள்ள கவலை இதுதான், பெற்றோரே. ரசனை மாறுவது இயற்கை. அதற்காக யாரும் வருந்த வேண்டாம். ஆனால் தாத்தா சிரிக்கும்போது பேரனுக்கு அந்தச் சொல்லே புரியாமல் போனால், தாத்தா தனியாகத்தான் சிரிக்க வேண்டும். தோட்டம் செம்பனையாயிற்று; பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்; லயங்கள் பல இடங்களில் இல்லை. சேர்ந்து உட்காரக் கிடைக்கும் நேரமே கொஞ்சம். அந்த நேரத்திலும் ஆளுக்கொரு மூலை என்றால் எப்படி?

ஒன்று செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்கு வரும்போது முதல் படத்தை வீட்டில் மூத்தவர் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாவது படத்தைக் கடைக்குட்டி தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்கவில்லை என்றாலும் முழுவதும் பாருங்கள். ஒருவர் சிரித்தால், "இதுக்கா?" என்று கேட்காமல், "ஏன் சிரிச்சீங்க?" என்று கேளுங்கள். தாத்தா தம்முடைய பெரட்டுக் கதையைச் சொல்லக்கூடும். அம்மா இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லக்கூடும். பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் சொல் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

உங்களுக்குப் பிடித்த நகைச்சுவை நடிகர் யார் என்பதை நான் கேட்கப் போவதில்லை. உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று இரவே கேட்டுவிடுங்கள்.