ஊசியும் நூலும் வளர்த்த நட்பு



ஈப்போ நகரத்துக் கடைகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் கரடிப் பொம்மைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். வட்டமான காதுகள், கறுத்த மூக்கு, நீட்டிய இரு கைகள். 'என்னைத் தூக்கிக்கொள்' என்று கேட்பது போலவே அவை தோன்றும். உலகின் பல நாடுகளில் இப்பொம்மையை 'டெடி' என்று செல்லமாக அழைக்கின்றனர்.

இன்று பெரும்பாலான கரடிப் பொம்மைகள் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. ஆயினும், ஒவ்வொரு கரடியையும் தம் கையாலேயே வெட்டி, தைத்து, பஞ்சடைத்து, அதற்கொரு முகமும் தந்து உருவாக்கும் கலைஞர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்களிடையே ஊசியும் நூலும் வளர்த்த நட்பைப் பற்றியும், அக்கரடி பிறந்த கதையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். நம் தோட்டத்து வாழ்க்கைக்கும் அக்கதையில் ஒரு செய்தி உண்டு.

நடக்க இயலாத பெண்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் கீங்கென் என்னும் சிற்றூர் உள்ளது. 1847ஆம் ஆண்டில் அங்கே மார்கரெட் ஸ்டைஃப் என்னும் பெண் பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கால்கள் இரண்டும் செயலிழந்தன, வலக்கையும் வலுவிழந்தது. இனிச் சக்கர நாற்காலியே அவர் வாழ்க்கை என்றாயிற்று.

ஆனால், அச்சிறுமி வீட்டு மூலையில் முடங்கிவிடவில்லை. உடன்பிறந்தவர்களும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அவரை ஒரு சிறு வண்டியில் அமர்த்திப் பள்ளிக்கு இழுத்துச் சென்றனர். பள்ளியின் அருகே வாழ்ந்த ஒரு பெண்மணி அவரைத் தூக்கிச் சென்று வகுப்பறையில் அமர்த்துவார். பிறர் கைகொடுத்ததால் கல்வி கற்ற அப்பெண், பிற்காலத்தில் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தார்.

மார்கரெட் தையற்கலை பயின்றார். தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுழற்ற வலக்கை இடம் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்தையே திருப்பி வைத்துக்கொண்டு, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தார்! 1877ஆம் ஆண்டில் கம்பளித் துணியாலான ஆடைகளை விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். 1880ஆம் ஆண்டில், குண்டூசி குத்தி வைப்பதற்கென்று யானை வடிவில் சிறு மெத்தை ஒன்றைத் தைத்தார். குழந்தைகளோ அதனை விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்டனர். அன்று தொடங்கியது அவருடைய பொம்மைத் தொழில்.

அவருடைய தம்பியின் பிள்ளைகளுள் ஒருவர் ரிச்சர்ட். ஓவியம் பயின்ற அவர், விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று கரடிகளை வரைந்து பழகியவர். 1902ஆம் ஆண்டில் கைகால்களை அசைக்கக்கூடிய கரடிப் பொம்மையை அவர் வடிவமைத்தார். மறு ஆண்டு லைப்சிக் நகரப் பொம்மைச் சந்தையில், அமெரிக்க வணிகர் ஒருவர் மூவாயிரம் கரடிகள் வேண்டும் என்று கேட்டார். 1907ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9 இலட்சத்து 74 ஆயிரம் கரடிகள் அச்சிற்றூரிலிருந்து வெளியேறின. தொழிற்சாலையில் பணியாற்றியவர்களைவிடத் தம் வீடுகளில் இருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் பன்மடங்கு மிகுதி. 1909ஆம் ஆண்டில் மார்கரெட் மறைந்தார். நடக்க இயலாத அவருடைய படைப்புகள் உலகையே சுற்றி வந்தன.

'டெடி' என்னும் பெயர்

அதே 1902ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்திற்கு வேட்டைக்குச் சென்றார். அவருக்கு வழிகாட்டியவர் ஹோல்ட் காலியர் என்பவர். அடிமையாகப் பிறந்து, பின்னர் புகழ்பெற்ற வேட்டைக்காரராக உயர்ந்தவர். அவர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்து, அதிபரைச் சுட அழைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுடுவது வீரமன்று என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். ஆயினும், அக்கரடி உயிர் பிழைக்கவில்லை. அது பெரிதும் காயமுற்றிருந்ததால், அதன் துன்பத்தை முடித்துவிடுமாறு அவர் கூறினார். கதை சொல்வோர் பலர் இப்பகுதியை விட்டுவிடுவதுண்டு. நாம் உண்மையை அறிந்திருத்தல் நன்று.

கிளிஃபர்ட் பெரிமன் என்னும் ஓவியர் இந்நிகழ்ச்சியைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை நடத்திய மோரிஸ் மிச்டம், அவர் மனைவி ரோஸ் ஆகிய இருவரும், இச்செய்தி பரவிய வேளையில் துணியால் ஒரு கரடியைத் தைத்துக் கடையில் வைத்தனர். ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயராகிய 'டெடி' என்பது அதற்குப் பெயராயிற்று. மிச்டம் குடும்பத்தார் ரஷ்யாவிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். நம் முன்னோர் கப்பலேறி மலாயா வந்ததைப் போன்றதே அவர்கள் கதையும்.

கரடி உருவாகும் விதம்

கையால் செய்யும் கரடிக்குப் பெரும்பாலும் மொகேர் என்னும் துணியைப் பயன்படுத்துவர். அங்கோரா வெள்ளாட்டின் உரோமத்தைக் கொண்டு நெய்யப்படுவது அது. காகிதத்தில் வரைந்த உறுப்பு வடிவங்களைத் துணியின் பின்புறத்தில் வைத்துக் கோடிடுவர். பின்னர்ச் சிறு கத்தரியின் நுனியால், முன்புறத்து உரோமம் அறுபடாதவாறு, அடித்துணியை மட்டும் மெல்ல வெட்டுவர்.

வெட்டிய துண்டுகளை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, பிறகு திருப்புவர். தலை, கைகள், கால்கள் ஆகியவற்றை உடலோடு வட்டத் தகடுகளால் பொருத்துவர். அதனால்தான் கரடி உட்காரும், கை நீட்டும், தலை திருப்பும். பஞ்சைச் சிறிது சிறிதாக அடைப்பர். மூக்கின் நுனியிலிருந்தே தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் முகம் கோணிவிடும். இறுதியில் கண்களைப் பொருத்தி, மூக்கையும் வாயையும் கறுப்பு நூலால் தைப்பர்.

இங்கேதான் ஒரு வியப்பு உள்ளது. ஒரே வடிவத்தை வைத்துப் பத்துப் பேர் தைத்தால், பத்துக் கரடிகளுக்கும் பத்து முகங்கள் அமையும்! கண் சற்றே இறங்கினால் ஏக்கம். வாய்க்கோடு சற்றே உயர்ந்தால் குறும்பு. கரடி அதைச் செய்தவரின் சாயலைப் பெற்றுவிடுகிறது என்று கலைஞர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இலவம் பஞ்சு செய்த பயணம்

தொடக்கக் காலக் கரடிகளின் வயிற்றில் மெல்லிய மரச்சுருள்களை அடைத்தனர். முதல் உலகப் போருக்குப் பின் மென்மையும் இலேசும் வேண்டி இலவம் பஞ்சைப் பயன்படுத்தலாயினர். ஆம், நம் கம்பத்து வீடுகளின் ஓரத்தில் வளரும் அதே இலவ மரத்தின் பஞ்சுதான்! மலாய் நண்பர்கள் இதனைக் 'கெக்காபு' என்பர். இதன் இழை வழுவழுப்பானது. ஆதலால் நூலாக நூற்பது கடினம். ஆனால் தலையணைக்கும் மெத்தைக்கும் ஏற்றது. நீர் எளிதில் ஊறாதாதலால் உயிர்காப்பு மிதவைகளிலும் இதனை அடைத்தனர். ஜாவாத் தீவிலிருந்து இப்பஞ்சு பெருமளவில் மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

'இலவு காத்த கிளி' என்று நாம் பழமொழி கூறுவோம். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கிடைத்தது பஞ்சு. கிளி ஏமாந்தது, ஆனால் எங்கோ குளிர்நாட்டில் உறங்கிய குழந்தை ஏமாறவில்லை. நம் மண்டலத்து மரத்தின் பஞ்சு அக்குழந்தையின் நெஞ்சோடு அணைந்து கிடந்தது.

கலைஞர்களின் அன்றாட வாழ்வும் நட்பும்

1970களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கரடி செய்வதை ஒரு கைக்கலையாகவே சிலர் மேற்கொண்டனர். இவர்களுள் மிகப் பலர் இல்லத்தரசியர். சமையலறை மேசையே அவர்களின் பட்டறை. பிள்ளைகள் உறங்கிய பின் விளக்கடியில் அமர்ந்து தைப்பர். உரோமத் துகள் ஆடையிலும் தேநீரிலும் பறந்து விழும். ஒரு கரடியை முடிக்கப் பல நாள்கள் ஆகும்.

தனியே செய்யும் வேலை இது. எனினும் இவர்கள் தனித்து வாழவில்லை. கண்காட்சிகளில் சந்தித்தனர்; கடிதம் எழுதிக்கொண்டனர். எஞ்சிய துணியைப் பகிர்ந்தனர். கைகால் பொருத்தும் நுணுக்கத்தைப் புதியவர்களுக்குக் கற்பித்தனர். ஒரே பொருளை விற்பவர்கள் போட்டியாளர்கள் அல்லரோ என்று நீங்கள் கேட்கலாம். போட்டியும் உண்டுதான். ஆனால் ஒருவர் கைத்தையலின் அருமையை இன்னொரு கைத்தையல்காரரே முழுதும் அறிவார். அந்த அறிதலே நட்புக்கு வித்தாயிற்று.

அந்நட்பு கடையோடு நின்றுவிடவுமில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரசல் மக்லீன் என்பவர் 1950களில் மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளுக்குக் கரடிப் பொம்மைகளை வழங்கிவந்தார். ஆங்கில நடிகர் பீட்டர் புல் 1969ஆம் ஆண்டில் கரடிப் பொம்மைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பொம்மையின்பால் அன்பு கொண்ட பெரியவர்கள், அதனைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் மாறத் தொடங்கியது. ஜேம்ஸ் ஓன்பி என்பவரின் முயற்சியால், துன்புறும் குழந்தைகளுக்குக் கரடிகளை வழங்கும் தொண்டு அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. பிரிட்டனில் அப்பணிக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் பாப் ஹெண்டர்சன் என்னும் படை அதிகாரி. அவர் குழந்தைப் பருவம் முதல் போற்றிவந்த பழைய கரடி, 1994ஆம் ஆண்டில் இலண்டன் ஏலத்தில் 1,10,000 பவுனுக்கு விலைபோயிற்று. அது வெறும் துணியின் விலையாகுமா? அவர் ஒரு வாழ்நாள் முழுதும் அதன்மீது வைத்த அன்பையும் சேர்த்துத்தான் உலகம் மதித்தது எனலாம்.

நம் லயத்து வாசலில்

இவற்றைப் படிக்கும்போது என் நெஞ்சம் நம் ரப்பர்த் தோட்டத்து லயத்து வாசலுக்குச் செல்கிறது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துவிட்டுத் தாய்மார்கள் திரும்புவர். ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளைகளை அழைத்து வருவர். மாலையில் வாசற்படியில் அமர்ந்து கிழிந்த துணிகளைத் தைப்பர். ஊசி ஒருத்தியுடையது, நூல் மற்றொருத்தியுடையது, பேச்சோ எல்லோருக்கும் பொது. யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அரிசி இல்லை என்பதெல்லாம் அப்பேச்சில்தான் தெரியவரும்.

பழைய கைலித் துணியில் கெக்காபுப் பஞ்சை அடைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மா எனக்கொரு பொம்மை செய்து தந்தார். அதற்குக் காது ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "பிய்ந்து போனால் கொண்டு வா, ஐயா. தைத்துத் தருகிறேன்" என்பார். எத்தனை முறை பிய்ந்ததோ, அத்தனை முறையும் தைத்துத் தந்தார்.

1980களிலும் அதற்குப் பின்னரும் தோட்டங்கள் பல உருமாறின. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. நம் மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்கும், அவற்றிற்கு அப்பாலும் சிதறினர். பெரியம்மாவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் வெவ்வேறு லாரிகளில் ஏறின. பொம்மையின் கை மீண்டும் பிய்ந்தபோது, அதைத் தைத்துத் தர அவர் அருகில் இல்லை. அன்றுதான் நாங்கள் இழந்தது வீட்டை மட்டுமன்று என்பதை உணர்ந்தேன்.

புதிய வீடுகளில் மின்சாரமும் குழாய்நீரும் உண்டு, அவை வேண்டியவையே. பழைய வறுமையை மீண்டும் விரும்புவார் இலர். ஆனால் அடுத்த கதவுக்குப் பின்னால் வாழ்பவர் யார் என்று அறியாத வாழ்வும் ஒரு வறுமையே அன்றோ?

நாமும் செய்து பார்ப்போம்

மாணவர்களே! விலையுயர்ந்த மொகேர் துணி வேண்டியதில்லை. பழைய துவாலை ஒன்று போதும். காகிதத்தில் கரடியின் உருவத்தைப் பெரிதாக வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்த துணியின்மேல் அதனை வைத்து, சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். ஓரத்தை நெருக்கமாகத் தையுங்கள். பக்கவாட்டில் மட்டும் நான்கு விரல் அளவு திறந்திருக்கட்டும். அதன் வழியே துணியைத் திருப்பி, பஞ்சையோ துணித் துண்டுகளையோ அடைத்து மூடிவிடுங்கள். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே தையுங்கள். பொத்தான் வைத்தால் சிறு குழந்தைகள் பிய்த்து விழுங்கிவிடக்கூடும்.

இவ்வேலையைத் தனியே செய்யாதீர்கள். அடுத்த வீட்டுத் தோழியை, தோழனை அழையுங்கள். பாட்டியிடம் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்து, தையல் கற்றுக்கொள்ளுங்கள். அவர் பேசுவதையும் கேளுங்கள். ஏட்டில் இல்லாத தோட்டத்து வரலாறு அப்பேச்சில் இருக்கும். செய்து முடித்த கரடியைப் பள்ளிக்குப் புதிதாக வந்து, பேச்சுத் துணையின்றித் தனித்து நிற்கும் மாணவருக்குக் கொடுங்கள்.

சிறுமி மார்கரெட்டைப் பள்ளிக்கு இழுத்துச் சென்ற பிள்ளைகளின் பெயர்களை உலகில் பலர் அறியார். எனினும், அவர்கள் இழுத்த அச்சிறு வண்டி இல்லையேல் இக்கதையே இல்லை. நம் பக்கத்தில் இருப்பவருக்கு நாம் கைகொடுப்போமாக! பிய்ந்ததைத் தைக்கும் கைகள் நம்மிடையே என்றும் குறையாதிருக்கட்டும்.