குளத்து நீரும் மழை நீரும் ஒன்றல்ல

கோல்ப் விளையாட்டின் உள்ளூர் விதிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், பண்டார் தெங்காராவில் நண்பர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "குளத்தில் பந்து விழுந்தால் ஓர் அடி தண்டனை. மழை பெய்து தேங்கிய தண்ணீரில் விழுந்தால் சும்மா எடுத்து வெளியே போட்டுக் கொள்கிறார்கள். இரண்டும் தண்ணீர்தானே? வசதி படைத்தவர்களின் விளையாட்டில் விதியும் வசதிக்கேற்ப வளையுமோ?"

நியாயமான கேள்விதான். நம் ஜொகூர் மண்ணில் ஆண்டு முழுவதும் மழை. ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை சேறாகிவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்படிப்பட்ட மண்ணில் கோல்ப் ஆடுகிறவர்களுக்கு, தேங்கிய நீரைப் பற்றிய விதி அன்றாடத் தேவை.

குளம், ஓடை போன்றவை திடலின் அமைப்பிலேயே உள்ளவை. சிவப்பு அல்லது மஞ்சள் நிறக் கம்பு நட்டுக் காட்டியிருப்பார்கள். அது உள்ளதென்று தெரிந்துதான் ஆட்டக்காரர் பந்தை அடிக்கிறார், தவறினால் தண்டனை. நேற்றிரவு பெய்த மழையில் புல்வெளியில் தேங்கிய நீரோ அமைப்பில் இல்லாதது. அதற்கு ஆட்டக்காரர் பொறுப்பாக முடியாது. அதைத் தற்காலிக நீர் என்கிறது விதிப் புத்தகம். பழுதுபார்க்க ஒதுக்கிய நிலம், விலங்குகள் தோண்டிய வளை, அசைக்க முடியாத செயற்கைத் தடை ஆகியவையும் அதே 16ஆம் விதியில்தான் வருகின்றன. இவற்றிலிருந்து தண்டனையின்றி விலகிக் கொள்ளலாம். அந்த விலகலையே நிவாரணம் என்கிறோம்.

ஆனால் ஈரமாக இருக்கிறது, கால் சறுக்குகிறது என்றெல்லாம் சொல்லிப் பந்தை நகர்த்த முடியாது. இயல்பாக நிற்கும்போது நீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலால் அழுத்தி மிதித்து நீரை வரவழைத்தால் செல்லாது. பனித்துளியும் கணக்கில் வராது. நண்பர்களுக்குள் சச்சரவு தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

சரி, நிவாரணம் கிடைத்துவிட்டது. பந்தை எங்கே போடுவது? இடையூறு முற்றிலும் நீங்கும் மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு இன்னும் நெருக்கமாகிவிடாதபடி, முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். 2019க்கு முன்பு தோள் உயரத்திலிருந்து விட்டார்கள். "மிக அருகிலுள்ள இடம்" என்றால் மிக நல்ல இடம் என்று பொருளில்லை. அது ஒரு மரத்துக்குப் பின்னால் அமைந்துவிடலாம், நெடும்புல்லில் அமைந்துவிடலாம். அப்போது, நிவாரணமே வேண்டாம் என்று நீருக்குள் நின்றபடியே அடிக்கலாம். தேர்வு ஆட்டக்காரருடையது. விதி வசதிக்கு வளைகிறதா என்று கேட்ட நண்பருக்கு இது பாதிப் பதில்.

மீதிப் பதில் வரலாற்றில் இருக்கிறது. 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் ஒரு போட்டிக்காக 13 விதிகள் எழுதினார்கள். கோல்ப் விதிகளில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவை அவைதாம். அழுக்கு நீரில் விழுந்த பந்தை வெளியே எடுக்கலாம், ஆனால் எதிராளிக்கு ஓர் அடி விட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. கடைசி விதி இன்னும் சுவையானது. அந்தத் திடலைக் காக்க வெட்டிய அகழி, அங்கிருந்த படைவீரர்களின் வரிசைகள் ஆகியவை தடையாகக் கருதப்பட மாட்டா, பந்தை எடுத்து ஆடலாம் என்கிறது. வேறு எந்த ஊருக்கும் பொருந்தாத விதி அது! முதல் பொது விதிகளுடனேயே ஓர் உள்ளூர் விதியும் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், இங்கிலாந்தின் ரிச்மண்ட் கோல்ப் கழகம் வெளியிட்ட தற்காலிக விதிகளும் புகழ்பெற்றவை. குண்டு விழும்போது ஆட்டக்காரர்கள் ஒதுங்கிக் கொள்ளலாம், தண்டனை இல்லை. ஆனால் அடிக்கும் நேரத்தில் குண்டு வெடித்து அடி தவறினால், மறுபடி அடிக்க ஓர் அடி தண்டனை! ஆங்கிலேயரின் நகைச்சுவை என்றாலும் சூழ்நிலையை ஒட்டி விதி எழுதும் பழக்கம் அதில் தெரிகிறது.

இன்று பொதுவான விதிகளை ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ப் சங்கமும் இணைந்து வகுக்கின்றன. உள்ளூர் விதிகளுக்கும் மாதிரி வாசகங்களைத் தந்திருக்கிறார்கள். கழகத்தின் செயற்குழு அவற்றிலிருந்து தன் திடலுக்கு வேண்டியதை எடுத்துக் கொள்கிறது. தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பொது விதியைத் தள்ளி வைக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

மணற்குழியைப் பாருங்கள். பங்கர் எனப்படும் அந்தக் குழி மழையில் நிரம்பிவிட்டால், பொது விதிப்படி குழிக்குள்ளேயே ஆழம் குறைந்த இடத்தில் பந்தை விடலாம், இலவசம். குழியை விட்டு வெளியேற வேண்டுமானால் ஓர் அடி தண்டனை. வெளியே எடுக்கவும் தண்டனை வேண்டாம் என்று செயற்குழு கருதினால், இன்ன குழி என்று குறிப்பிட்டு, அதைப் பழுதுபார்க்கும் நிலமாக ஆட்டத்துக்கு முன்பே அறிவிக்கலாம். "தண்ணீர் நிற்கும் எல்லாக் குழிகளுக்கும் பொருந்தும்" என்று ஒட்டுமொத்தமாக எழுத முடியாது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது, "அந்தக் குழியில் இன்று நாம் எடுத்து வைத்துக் கொள்வோமே" என்று நான்கு பேர் கூடிப் பேசிக் கொள்வது உள்ளூர் விதியே அல்ல. நிறுவனப் போட்டிகளில் பரிசு, பணம், பெயர் எல்லாம் சம்பந்தப்பட்டிருக்கும்போது அந்த வாய்மொழி விதி நட்பையே கெடுத்துவிடும். மட்டைக்கு முன் மதிப்பெண் அட்டையின் பின்பக்கத்தையும் அறிவிப்புப் பலகையையும் கையில் எடுங்கள் என்பேன்.

குளிர்கால விதி என்று ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நமக்கேது குளிர்காலம்! சேறு நிறைந்த நாட்களில், குட்டையாக வெட்டிய புல்லில் கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து, குறிப்பிட்ட தூரத்துக்குள் வைத்து ஆட அனுமதிப்பது அது. தூரம் 15 சென்டிமீட்டரா, ஒரு மட்டை நீளமா என்பதைச் செயற்குழு சொல்ல வேண்டும். நிலம் காய்ந்த பிறகும் அதை நீட்டிப்பது ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கும் என்பது என் கருத்து.

சில உள்ளூர் விதிகள் வளர்ந்து பொது விதியாகவும் ஆகியிருக்கின்றன. விழுந்த வேகத்தில் தன் பள்ளத்திலேயே புதைந்த பந்துக்கு, முன்பு ஃபேர்வே போன்ற குட்டைப் புல்லில் மட்டும்தான் நிவாரணம். நெடும்புல்லுக்கும் வேண்டுமென்றால் கழகம் தனியே உள்ளூர் விதி போட வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் அதைப் போட்டுக் கொண்டே இருந்ததால், 2019இல் பொது விதியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பாம்பு, குளவி, நெருப்பெறும்பு போன்றவை பந்துக்கு அருகில் இருந்தாலும் தண்டனையின்றி விலகலாம். முள்செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. நின்ற பந்தைக் குரங்கு தூக்கிப் போனால் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அதற்கெல்லாம் உள்ளூர் விதி தேவையில்லை.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். இஸ்கந்தர் புத்திரியில் உள்ள ஹொரைசன் ஹில்ஸ் திடலில் நடந்த இஸ்கந்தர் ஜொகூர் பொதுப் போட்டி, 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வானிலையால் 72 குழிகளிலிருந்து 54ஆகக் குறைக்கப்பட்டது. முதலாண்டில் ஜூஸ்ட் லூய்ட்டனும் மறு ஆண்டில் செர்ஜியோ கார்சியாவும் வென்றார்கள். உலகத் தரம் வாய்ந்த போட்டியே ஒரு சுற்றை இழக்கச் சம்மதிக்கிறது. நம் வார இறுதி ஆட்டக்காரர்களோ இடி முழங்கும்போது, "இன்னும் இரண்டு குழிதானே" என்கிறார்கள். 1975இல் சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் பொதுப் போட்டியில் லீ டிரெவினோ உள்ளிட்ட மூன்று முன்னணி ஆட்டக்காரர்கள் மின்னல் தாக்கிக் காயமடைந்தார்கள். 1991இல் அமெரிக்கப் பொதுப் போட்டியைப் பார்க்க வந்த ரசிகர் ஒருவர் மின்னலுக்குப் பலியானார்.

நீண்ட ஒற்றைச் சங்கொலி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். அடிக்க ஓங்கிய மட்டையையும் இறக்கிவிட வேண்டும். தக்க காரணமின்றி மீறினால் தண்டனை அடியல்ல, போட்டியிலிருந்தே நீக்கம். மூன்று முறை ஒலித்தால் அது சாதாரண நிறுத்தம். ஆடிக் கொண்டிருக்கும் குழியை முடித்துவிட்டும் போகலாம். சங்கே ஒலிக்காவிட்டாலும், மின்னல் ஆபத்து இருப்பதாக ஆட்டக்காரர் நியாயமாக நம்பினால் தானே நிறுத்திக் கொள்ள விதி இடம் தருகிறது. செயற்குழுவுக்குத் தெரிவித்தால் போதும். பை தூக்கும் கேடிகளும் புல் வெட்டும் தொழிலாளர்களும் அதே வெட்டவெளியில்தான் நிற்கிறார்கள். ஆட்டக்காரர் ஒதுங்காமல் கேடி எப்படி ஒதுங்குவார்?

நிறுத்தும்போது பந்து கிடந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பந்தை எடுத்துச் செல்லலாம். இரண்டு குறுகிய ஒலி கேட்டதும் திரும்பி வந்து, அதே இடத்தில் பந்தை வைத்து ஆட வேண்டும். அதற்குள் அங்கே மழைநீர் தேங்கியிருந்தால், அதுவும் தற்காலிக நீர்தான். மறுபடியும் தண்டனையின்றி விலகிக் கொள்ளலாம்.