தன்னாட்சி யாருக்குக் கேடயம்? பாப்டிஸ்ட் சபைகளும் அவற்றின் பேரமைப்பும்

பேராயரும் திருமண்டலமும் கொண்ட திருச்சபை அமைப்பையே நம்மில் பலர் அறிவோம். ஆயரை நியமிப்பதும் இடமாற்றுவதும் அங்கே மேலிடத்தின் உரிமை. பாப்டிஸ்ட் மரபில் அத்தகைய மேலிடமே கிடையாது. ஒவ்வோர் உள்ளூர்ச் சபையும் தன் போதகரைத் தானே தெரிவு செய்கிறது. தன் சொத்தைத் தானே ஆள்கிறது. அப்படியானால், அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தென்னக பாப்டிஸ்ட் மாநாட்டின் அதிகாரம்தான் என்ன?

சட்ட நோக்கில் அது விரும்பிச் சேர்ந்த சபைகளின் கூட்டுறவு. ஆண்டுக் கூட்டத்துக்குச் சபைகள் பேராளர்களை அனுப்புகின்றன. அங்கு நிறைவேறும் தீர்மானம் எந்தச் சபையையும் கட்டுப்படுத்தாது. 1925இல் தொடங்கிய கூட்டு நிதித் திட்டத்துக்குப் பணம் தருவதும் சபையின் விருப்பமே. ஒரு சபையை 'இனி எம்மோடு இணைந்ததன்று' என அறிவித்து விலக்குவது மட்டுமே மாநாட்டின் கையிலுள்ள ஆயுதம். விலக்கிய பின்னும் அச்சபையின் கட்டடமும் போதகரும் அப்படியே இருப்பர்.

இந்தத் தன்னாட்சியை நாம் எளிதில் புறந்தள்ள இயலாது. அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்கள் வெள்ளையரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் சபைகளை நிறுவ முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். தேசிய பாப்டிஸ்ட் மாநாடு என்னும் கறுப்பினப் பேரமைப்பின் தலைவர் ஜோசப் ஜாக்சன், மார்ட்டின் லூதர் கிங்கின் நேரடிப் போராட்டங்களை எதிர்த்தார். ஆயினும் கிங்கின் பிரசங்க பீடத்தைப் பறிக்கவோ, போராட்டக் கூட்டங்களுக்கு இடமளித்த சபைகளைப் பூட்டவோ அவரால் இயலவில்லை. 1961இல் கிங்கின் ஆதரவாளர்கள் பிரிந்து சென்று முற்போக்குத் தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டை அமைத்தனர்.

தென்னக மாநாட்டின் கதை வேறு. அடிமை உடையோரை மிஷனரிகளாக ஏற்பதா என்னும் பிணக்கில் வடக்கத்திய பாப்டிஸ்டுகளிடமிருந்து பிரிந்து, 1845இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் பிறந்தது அது. அதற்கான மன்னிப்புத் தீர்மானம் வர 1995 ஆயிற்று, 150 ஆண்டுகள்!

பாலியல் குற்றம் புரிந்த போதகர்கள் சபை விட்டுச் சபை தாவுவதைத் தடுக்கப் பொதுப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று பாதிக்கப்பட்டோர் கோரினர். சபைகளின் தன்னாட்சியைக் காரணம் காட்டி, 2008இல் மாநாட்டின் நிர்வாகக் குழு கைவிரித்தது. 2022இல் வெளியான விசாரணை அறிக்கையோ, அக்குழுவின் அலுவலகத்திலேயே குற்றஞ்சாட்டப்பட்டோரின் பட்டியல் ஒன்று கமுக்கமாகப் பேணப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. அதில் 703 பெயர்கள் இருந்தன. வழக்குகளில் மாநாடு பொறுப்பேற்க நேருமே என்பதுதான் அச்சம். கட்டுப்படுத்தும் அதிகாரம் உடையவரே இழப்பீட்டுக்கும் பொறுப்பு என்பது வழக்கறிஞர்கள் நன்கறிந்த கோட்பாடு. எனவே அதிகாரமே இல்லை என்று கூறிக்கொள்வது அவர்களுக்கு வசதியாயிற்று.

ஆனால் பெண் ஒருவர் போதகரானபோது இதே மாநாட்டுக்குத் தயக்கம் எழவில்லை. கலிபோர்னியாவின் சேடில்பேக் சபை 2023 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. அதன் மேல்முறையீட்டை அவ்வாண்டு ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் கூடிய பேராளர்கள் பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தனர்.

குற்றவாளிகளின் பொதுப் பட்டியலுக்கு 2022 ஆண்டுக் கூட்டம் ஒப்புதல் அளித்திருந்தது. 2025இன் தொடக்கத்தில் நிர்வாகக் குழுவின் தலைவர், அது தற்போதைக்குத் தங்கள் கவனத்தில் இல்லை என்று அறிவித்தார்.