மஞ்சள் பூத்த பிள்ளையும் காலை வெயிலும்

பிறந்த பிள்ளையின் கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்தால், மலேசியாவின் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது, "காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டும்மா" என்பதுதான். அடுக்குமாடி வீட்டு நடைவழியில், துணி களைந்த பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு கிழக்கு பார்த்து உட்காரும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். இந்த வழக்கத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைக் கண்டுபிடித்த மருத்துவமே இன்று இந்த வழக்கம் வேண்டாம் என்றும் சொல்கிறது.

1956. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ராச்ஃபோர்ட் மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தலைமைத் தாதி ஜீன் வார்டு, வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குத் தூக்கிவந்து கிடத்துவார். ஒருநாள் ஒரு பிள்ளையின் ஆடையை விலக்கி மருத்துவர்களுக்குக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அழுத்தமான மஞ்சள். விரிப்பின் முனை வெயிலை மறைத்திருந்த இடம் அது! பிறகு, சன்னலோர வெயிலில் விட்டுவைத்த இரத்த மாதிரிக் குழாய் ஒன்றிலும் மஞ்சள் நிறமியின் அளவு குறைந்திருந்தது. அந்த மருத்துவமனையின் டாக்டர் கிரீமரும் உடன் பணியாற்றியவர்களும் 1958-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் மஞ்சள் காமாலைப் பிள்ளைகளைக் கிடத்தும் நீல விளக்குகளுக்கு வித்து அதுதான்.

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அது நீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரையும் பொருளாக மாற்றித்தான் வெளியேற்ற முடியும். பச்சிளம் பிள்ளையின் கல்லீரலுக்கு அந்தப் பக்குவம் வரச் சில நாட்களாகும். 460 நானோமீட்டரையொட்டிய நீல ஒளி தோலில் பட்டால் பிலிருபின் மூலக்கூறின் வடிவமே மாறிவிடுகிறது. கல்லீரலின் தயவில்லாமலே அது பித்தத்திலும் சிறுநீரிலும் இறங்கிவிடும்.

அப்படியானால் வெயில் போதாதா? போதாது. தாழ்வான காலைச் சூரியனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய் செம்மையே மிஞ்சுகிறது. நீலம் நிறைந்த உச்சி வெயிலிலோ பிள்ளையின் தோல் வெந்துபோகும், உடம்பு நீர் வற்றும். நீர் வற்றினால் காமாலை இன்னும் ஏறும். விளக்கடியில் பிள்ளை மணிக்கணக்காகக் கிடக்கிறது, இரத்தத்தைச் சோதித்து அளவு பார்க்கிறார்கள். மடியில் கிடக்கும் பத்து நிமிடத்தில் இது எதுவும் நடக்காது. மலேசிய சுகாதார அமைச்சின் 2014 வழிகாட்டியும் காமாலைக்கு வெயில் காட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்க வேண்டாம். காற்றாட வெளியே தூக்கிப் போவது பிள்ளைக்கும் நல்லது, பெற்றவளுக்கு அதைவிட நல்லது. மருந்து என்ற பெயரைத்தான் எடுத்துவிட வேண்டும்.

நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணியளவில். தமிழ்நாட்டு ஏழு மணி வெயிலை நினைத்துக்கொண்டு இங்கே ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் வானம் இருட்டாகக்கூட இருக்கும். எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பலாம். தெளிவான நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் கைக்குழந்தைக்குத் தெருவில் வேலையில்லை.

தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அளந்து பார்த்தார்கள். உலர்ந்த மெல்லிய துணி வண்டிக்குள் வெப்பத்தை இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றியது; ஈரத்துணி நான்கு டிகிரிக்கு மேல் குறைத்தது. நம் ஊர்க் காற்றோ ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. துணி இங்கே அவ்வளவு வேகமாகக் காயாது, குளிர்ச்சியும் அந்த அளவு கிடைக்காது. காற்று புகும் கொசுவலை போதும். ஏடிஸ் கொசு விடிந்ததும் அந்தி சாய்வதற்கு முன்பும்தான் அதிகம் கடிக்கும் என்பதால் அந்த வலை இங்கே கட்டாயம்.

பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையின் ஓரமாக வண்டி தள்ளினால் பிள்ளையின் மூக்கு வாகனப் புகைக்குழாயின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய சாலையில் தூக்கிக்கொண்டு நடங்கள். வண்டியைத் தாவரவியல் பூங்காவில் தள்ளுங்கள். புகைமூட்ட நாளில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டிலேயே இருங்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் வயிறு தாண்டிக் காலுக்கு இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலும், இரண்டு வாரம் கடந்தும் நிறம் மாறாவிட்டாலும், மலம் வெளுத்துப் போனாலும், தாதி வீட்டுக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். அளவு மீறிய பிலிருபின் மூளையில் படிந்தால் அந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.