குருமானின் சாணத் தரை

கேப் டவுனில் 1819 டிசம்பர் 27 அன்று திருமணம் முடித்த ராபர்ட் மொஃபட்டும் மேரியும் மாட்டுவண்டி ஏறி வடக்கே கிளம்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ராபர்ட் ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். மேரி, அவர் இங்கிலாந்தில் வேலை பார்த்த நாற்றுப்பண்ணையின் முதலாளி மகள். இருவருக்கும் வயது 24. லண்டன் மிஷனரி சங்கம் அவர்களை அனுப்பியது ஆரஞ்சு ஆற்றுக்கும் அப்பால், த்லாபிங் என்ற சுவானா மக்கள் வாழ்ந்த குருமான் வட்டாரத்துக்கு. நாகர்கோவில் பக்கத்து மக்கள் எல்.எம்.எஸ். என்று இன்றும் சொல்லும் அதே சங்கம்தான் அது. ஏறக்குறைய அதே நாட்களில்தான் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலில் குடியேறினார்கள்.

குருமானில் மொஃபட் தம்பதி ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கை எப்படி ஓடியது என்பதைச் சங்கத்தின் அறிக்கைகளைவிட மேரி ஊருக்கு எழுதிய கடிதங்கள் நன்றாகச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று வீட்டுத் தரையைப் பற்றியது. வாரம் ஒருமுறையாவது எல்லா அறைகளையும் மாட்டுச் சாணத்தால் மெழுகுகிறோம் என்று பெற்றோருக்கு எழுதுகிறார். வந்த புதிதில் அந்த வழக்கம் அவருக்கு அருவருப்பாக இருந்தது. அது இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று முடிவுகட்டியிருந்தார். கொஞ்ச நாளில் சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். தூசியை அடக்க அதைவிடச் சிறந்தது வேறில்லை, தெள்ளுப்பூச்சியும் ஒழிகிறது என்று அவரே காரணம் சொல்கிறார். நம் வாசகர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் மேரி அதை முதலில் பார்த்தது சக மிஷனரி குடும்பத்துப் பெண் ஒருத்தி செய்தபோதுதான். கற்பிக்கப் போன இடத்தில் அவர் முதலில் கற்றுக்கொண்டார்.

கற்க நிறையவே இருந்தது. கடை கிடையாது. கேப் டவுன் போய்வர மாட்டுவண்டியில் மாதக்கணக்கில் ஆகும். மாவும் துணியும் ஆணியும் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பின்னாளில் இவர்களுடைய மூத்த மகள், தாயின் பெயரையே கொண்ட மேரி, டேவிட் லிவிங்ஸ்டனை மணந்து கொலோபெங்கில் குடித்தனம் நடத்தினாள். அந்த வீட்டின் ஒரு நாளை லிவிங்ஸ்டன் தம் நூலில் விவரித்திருக்கிறார். அதிகாலையில் எழுவது. குடும்ப ஜெபமும் காலை உணவும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே. பிறகு ஆண், பெண், குழந்தை எல்லோருக்குமாகப் பள்ளிக்கூடம். பதினொரு மணிக்குப் பள்ளி விட்டதும் அவர் கொல்லுவேலை, தச்சுவேலை, தோட்டவேலை. அவள் சமையல், வீட்டுவேலை. மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. அதன்பின் அவள் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போவாள். அதற்கு நூறு பிள்ளைகள்வரை வந்து குவிவார்கள். சோப்பை மரச் சாம்பலிலிருந்து காய்ச்சினார்கள். ரொட்டியைக் கறையான் புற்றைக் குடைந்து அடுப்பாக்கிச் சுட்டார்கள். குருமானில் வளர்ந்த பெண் இதையெல்லாம் யாரைப் பார்த்துக் கற்றிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது தண்ணீர். குருமான் வறண்ட காலஹாரியின் ஓரத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே பூமியிலிருந்து பீறிட்டு வரும் ஊற்று ஒன்று உண்டு. ‘குருமானின் கண்’ என்று பெயர். நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர் இன்றும் அதிலிருந்து வருகிறது. 1824-ல் மிஷன் ஊற்றுக்கு அருகே இடம் மாறியது. அதற்கு முன்பு இருந்த இடத்தில் ஆற்றுநீரைச் சில மைல் வாய்க்கால் வெட்டித்தான் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வாய்க்கால் சண்டையில் முடிந்தது.

த்லாபிங் மக்களிடையே வயல்வேலை பெண்களுடையது, மாடு ஆண்களுடையது. வாய்க்கால் போன வழியில் நிலம் வைத்திருந்த பெண்கள் நீரைத் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். கீழே மிஷன் தோட்டம் காய்ந்தது. ராபர்ட்டும் மூத்த ஊழியர் ராபர்ட் ஹாமில்டனும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பகலிலும் நடுராத்திரியிலும் மாறிமாறி நடந்து மடைகளை அடைத்துவிட்டு வருவார்கள். இவர்கள் திரும்புவதற்குள் மடை திறந்திருக்கும். ஒருநாள் மாலை பெண்கள் மண்கொத்தியோடு கூட்டமாகப் போய் அணையையே உடைத்துவிட்டார்கள். ஆறு பழைய தடத்தில் ஓடியது. ராபர்ட் தம் நூலில் இதை மக்களின் முரட்டுத்தனத்துக்குச் சான்றாக எழுதுகிறார். அப்படிப் படிக்க மனம் ஒப்பவில்லை. தங்கள் ஆற்றின் நீரை, தங்கள் நிலத்தின் வழியாக, யாரோ வெள்ளைக்காரர் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் எந்த ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

பிறகு மழையும் பொய்த்தது. தலைவர் மொதிபியின் மக்கள் தொலைவிலிருந்து ஒரு மழைக்காரரை வரவழைத்தார்கள். அவராலும் மேகம் திரளவில்லை. பழி மிஷனரிகள்மேல் விழுந்தது. ஈட்டியோடு ஒரு கூட்டம் வீட்டு வாசலுக்கு வந்து ஊரைவிட்டுப் போகச் சொன்னது. ராபர்ட் சட்டையை விலக்கி நெஞ்சைக் காட்டி, வேண்டுமானால் குத்துங்கள், போகமாட்டோம் என்றார். இந்தக் காட்சியை எழுதாத வரலாற்றாசிரியர் இல்லை. கைக்குழந்தையோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேரிக்கு அதில் பெரும்பாலும் அரை வரிதான் கிடைக்கிறது. கூட்டம் கலைந்தது. மேரி வீட்டுக்குள் போயிருப்பார். அன்றைக்கும் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

ஆண்டுகள் போயின. ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. ராபர்ட் தளர்ந்த நேரங்கள் உண்டு. மேரி தளர்ந்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்திலிருந்த தோழி ஒருத்தி, உனக்கு என்ன அனுப்பட்டும் என்று கேட்டு எழுதியபோது, திருவிருந்துக்கான பாத்திரங்களை அனுப்பு, ஒருநாள் தேவைப்படும் என்று பதில் எழுதினார். அப்போது திருவிருந்தில் உட்கார ஒரு உள்ளூர்க்காரர்கூட இல்லை. 1829-ல் நிலைமை மாறியது. சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜூலை மாதத்தில் முதல் திருவிருந்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குச் சற்று முன்னதாக, கடலும் பாலையும் கடந்து வந்த பெட்டி ஒன்று குருமானில் இறங்கியது. உள்ளே அந்தப் பாத்திரங்கள். அங்கிருந்து கடிதம் போய்ப் பதில் வரவே ஆண்டு திரும்பிவிடும் என்பதை நினைத்தால்தான், மேரி எத்தனை காலம் முன்பே கேட்டிருந்தார் என்பது புரியும்.

சபை உருவானதும் மேரியின் வேலை இரட்டித்தது. வந்தவர்கள் துணி உடுத்த விரும்பினார்கள். மேரி தையல் வகுப்பு தொடங்கினார். ஆயுள் முழுதும் மண்கொத்தி பிடித்த கைகளுக்கு ஊசி எளிதில் வசப்படவில்லை. வயதான பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்துக் கேட்டது மெழுகுவத்தி. அதுவரை இருட்டினால் தூங்குவதுதான் வழக்கம். கொழுப்பை உடம்பில் பூசிக்கொள்வார்கள். இப்போது அதே கொழுப்பைச் சேர்த்துவைத்து, கந்தல் துணியைத் திரியாக்கி, மெழுகுவத்தி வார்க்கக் கற்றார்கள். அச்சு கேட்டு மிஷன் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் வேண்டியது வாசிக்கத்தான்.

வாசிக்கப் புத்தகம் வேண்டுமே. ராபர்ட் 1827-ல் வீட்டைவிட்டு வாரக்கணக்கில் பரோலாங் மக்களோடு தங்கி, அவர்கள் பேச்சையே கேட்டுக்கேட்டு செட்ஸ்வானாவைக் கற்றார். லூக்கா சுவிசேஷத்தை மொழிபெயர்த்து 1830-ல் கேப் டவுன் அரசு அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அந்த மொழியில் எழுத்துக் கோக்க அங்கே ஆள் இல்லை. ராபர்ட்டும் உடன் ஊழியர் ரோஜர்ஸ் எட்வர்ட்ஸும் எழுத்துக் கோப்பதையும் அச்சிடுவதையும் அங்கேயே பழகினார்கள். மறுஆண்டு ஓர் இரும்பு அச்சுப்பொறி வண்டியேறி குருமான் வந்தது. வெள்ளைத் தாள் உள்ளே போய்க் கறுப்பு எழுத்தோடு வெளியே வருவதை ஊரே திரண்டு பார்த்தது. புதிய ஏற்பாடு 1840-ல் லண்டனில் அச்சானது. முழு வேதாகமமும் 1857-ல் முடிந்தது. அதன் பழைய ஏற்பாடு அச்சானது குருமானிலேயே. அதற்குள் ராபர்ட்டுக்கு வயது 61. தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் அவரைப் பிடித்துக்கொண்டன.

அவர் மேசையில் உட்கார்ந்திருந்த இந்த ஆண்டுகளில் வீட்டை ஓட்டியது யார், வந்த விருந்தாளிகளுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்க வேண்டும். குருமான் அந்தக் காலத்தில் உள்நாட்டுக்குப் போகும் மிஷனரி, வேட்டைக்காரர், வியாபாரி எல்லோரும் தங்கிப்போகும் இடம். ராபர்ட் வீட்டில் இல்லாத நாட்களும் பல. 1829-ல் ம்சிலிகாசி என்ற இந்தபெலே அரசரின் தூதர்கள் குருமான் வந்தார்கள். அவர்களைப் பத்திரமாகத் திருப்பி அழைத்துப்போன ராபர்ட்டுக்கு அந்த அரசர் ஆயுள்கால நண்பரானார். ராபர்ட் மொத்தம் ஐந்து முறை அவரைத் தேடிப் போனார். கடைசி இரண்டும் அறுபது வயதுக்கு மேல். குருமானில் 1838 நவம்பரில் திறக்கப்பட்ட கல் ஆலயத்தின் உத்திரங்கள் ம்சிலிகாசி ஆண்ட வட்டாரத்துக் காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டியில் வந்தவை. கூரை வேய்ந்த அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது.

மேரி பெற்ற பிள்ளைகள் பத்து. மூவர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். மற்றவர்களைப் படிக்கவைக்கக் குருமானில் வழியில்லை. மூத்த பெண்கள் கிரஹாம்ஸ்டவுன் பக்கம் சேலம் என்ற ஊரின் பள்ளியில் விடப்பட்டார்கள். 1839 தொடக்கத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட ராபர்ட்டும் மேரியும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். மேரிக்குக் கப்பலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில நாளில், ஆறு வயது ஜேம்ஸ் அதே கப்பலில் தட்டம்மையில் இறந்தான். கப்பல் போய்ச் சேர்ந்ததும் ஊரெங்கும் கூட்டங்கள். ராபர்ட் மேடையேறிப் பேசினார். 1842-ல் அவர் எழுதிய பெரிய நூல் பரபரப்பாக விற்றது. சுவானா மக்களுக்கு வழிபாடு என்பதே இல்லை என்று அதில் அவர் உறுதியாக எழுதியது தவறு. அவர்களோடு இருபது ஆண்டு வாழ்ந்தும் அவர் அதைக் காணவில்லை. அவர்கள் நாட்டுப்புறத்தைக் கண்ட அளவுக்கு அவர்கள் நம்பிக்கையைக் காண முடியாமற்போனது அந்த ஊழியத்தின் பெரிய குறை. அதையும் அவர் உழைப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1870-ல் முதியவர்கள் இருவரும் குருமானைவிட்டு இங்கிலாந்து திரும்பினார்கள். அடுத்த ஜனவரியில் மேரி இறந்தார். ராபர்ட் அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்து 1883-ல் போனார்.

ஆனால் மேரியை நன்றாக அறிய, அந்த முடிவைவிட 1851-க்குப் போவது நல்லது. மகள் மேரி 1845-ல் லிவிங்ஸ்டனை மணந்தாள். 1850-ல் கர்ப்பிணியாக, சின்னப் பிள்ளைகளோடு, கணவனுடன் காலஹாரியைக் கடந்து போய்த் திரும்பினாள். திரும்பியபின் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. மறுஆண்டே மீண்டும் கர்ப்பிணி. மீண்டும் வடக்கே பயணம் போகத் திட்டம். செய்தி குருமானை எட்டியது. சங்கத்தின் ஊழியத்துக்காகத் தன் பிள்ளைகளைப் பிரிந்தும் புதைத்தும் ஒரு முணுமுணுப்பும் எழுதாத அந்தத் தாய், மருமகனுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். ஒரு குழந்தையை இழந்தது போதாதா, பிரசவ நேரத்தில் காட்டில், பிள்ளைகளோடு இப்படி இழுத்தடிப்பது தகுமா, பார்ப்பவர் என்ன சொல்வார் என்று கேட்டார். லிவிங்ஸ்டன் அந்தக் கடிதத்தைத் தம் குறிப்பேட்டில் அப்படியே படியெடுத்துக்கொண்டார். பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். செப்டம்பரில் ஸூகா ஆற்றங்கரையில் குழந்தை பிறந்தது. அந்தப் பயணத்தையும், மகள் மேரி பிள்ளைகளோடு இங்கிலாந்தில் தனியே பட்ட பாட்டையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)